டிஹுவானா மர வீடுகளில் ஜன்னல் மூலை விரிசல்: உதவி தேவை

ஸ்தோத்திரம் சகோதர சகோதரிகளே. மெக்சிகோவின் டிஹுவானாவில் ஏழைக் குடும்பங்களுக்கு எங்கள் ஊழியக் குழு கட்டித்தரும் மரச்சட்ட வீடுகளில் சிமெண்ட் வெளிப்பூச்சு வெடிக்கிறது. பூசி இரண்டு வாரத்துக்குள் ஜன்னல் மூலைகளிலிருந்து 45 டிகிரி சாய்வில் மயிரிழை விரிசல். மழையில் அதன்வழி நீர் இறங்கினால் மரம் மக்கிவிடும்; அதுதான் பெரிய கவலை.

தரை 4 அங்குலக் கான்கிரீட், அதில் விரிசல் இல்லை. சுவரில் 2×4 அங்குல மரக்கட்டைகள் 16 அங்குல இடைவெளியில், மேலே தார்த்தாள், கோழிவலை. வலைக்குப் பின்னால் தாங்கும் பின்பலகை கிடையாது. பூச்சு இரண்டு கை, மொத்தம் முக்கால் அங்குலம். சிமெண்ட் 1, மணல் 4.

மணலைச் சலித்தோம், கலவையில் தண்ணீரைக் குறைத்தோம், மூலைகளில் குறுக்காகக் கூடுதல் வலை அடித்தோம், 48 மணி நேரம் ஈரம் காத்தோம். ‘சாந்தா ஆனா’ எனப்படும் வறண்ட பாலைக்காற்று வீசும் நாளில் பூசுவதில்லை. விரிசல் குறைந்தது, நிற்கவில்லை. கட்டைகளுக்கிடையே வலை தொய்வதுதான் காரணமென்று படுகிறது.

பின்பலகைக்குப் பணமில்லை. வலைக்கு அடியில் 6 அங்குலத்துக்கு ஒரு கம்பி இறுக்கி இழுத்தால் இந்த விரிசல் நிற்குமா?