போனில் அனுப்பும் மெயில் 'அனுப்பியவை'யில் இருக்கிறது, ஆனால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. உதவி தேவை

சாம்பார்வாளி:

வணக்கம். என் மாமா சிங்கப்பூர் தேக்காவில் சின்னதாகக் கேட்டரிங் தொழில் நடத்துகிறார். சமையலறை உட்லண்ட்ஸ் பக்கம், ஒரு தொழிற்பேட்டையில். வாடிக்கையாளர்களைப் போய்ப் பார்ப்பது என் வேலை. ஆர்டரைப் போனிலேயே தட்டி, சமையலறை முகவரிக்கு மெயில் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன்.

கொஞ்ச நாளாக அந்த மெயில்கள் போய்ச் சேருவதே இல்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு ஆர்டர் சமையலறைக்குத் தெரியவே தெரியாது. "வேன் எங்கே வருது?" என்று அவர்கள் போன் செய்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாமா தெரிந்த இரண்டு கடைகளில் பிரியாணி வாங்கி ஒருவழியாகச் சமாளித்தார். லாபம் போனது போகட்டும், அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விவரம்: ஆண்ட்ராய்ட் போன், ஜிமெயில் ஆப். ஆனால் முகவரி ஜிமெயில் இல்லை, எங்கள் சொந்த டொமைன் (இணையப் பெயர்), டாட் காம் டாட் எஸ்ஜி. எரர் எதுவும் வருவதில்லை, மெயில் திரும்பியும் வருவதில்லை. 'அனுப்பியவை' ஃபோல்டரில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வரவேண்டிய மெயில்கள் ஒழுங்காக வருகின்றன. இதே முகவரியிலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டரில் அனுப்பினால் உடனே போகிறது. போனில் மட்டும்தான் இந்தக் கூத்து.

பூன்லே_அக்கா:

தம்பி, முதலில் பேட்டரி சேமிப்பை அணைத்துப் பாருங்கள். என் போனில் அது இருந்தால் ஆப் பின்னணியில் ஓடாது, மெயில் கிளம்பாமலே கிடக்கும். மெனு அட்டையைப் பெரிய பிடிஎஃப் ஆக இணைத்து அனுப்புகிறீர்களா என்பதையும் பாருங்கள். ஜிமெயில் முகவரியிலிருந்து இணைப்பாக அனுப்ப 25 எம்பி தான் உச்சவரம்பு, சின்ன ஹோஸ்டிங் (மெயில் சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனம்) என்றால் அதைவிடக் குறைவாகவும் வைத்திருப்பார்கள். அப்புறம் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

ஈசூன்வாசி:

போர்ட் 25, அதாவது மெயில் போகும் ஒரு வாசல் எண், அதன் பிரச்சினையாக இருக்கும். இணையச் சேவை தருபவர்கள் பலர் ஸ்பேமுக்குப் பயந்து அதை அடைத்து வைத்திருப்பார்கள். வைஃபையில் ஒருமுறை, மொபைல் டேட்டாவில் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

கம்பிவடம்:

அக்கா சொன்னதும் ஈசூன்வாசி சொன்னதும் வேறு நோய்க்கு நல்ல மருந்து. இங்கே பொருந்தாது. பேட்டரி சேமிப்பு தடுத்தாலும், போர்ட் அடைபட்டிருந்தாலும், கோப்பு பெரிதாக இருந்தாலும் மெயில் போனின் 'அவுட்பாக்ஸ்' ஃபோல்டரிலேயே நிற்கும், அல்லது எரர் காட்டும். தம்பிக்கு 'அனுப்பியவை'க்கே வந்துவிட்டது. அப்படியென்றால் ஏதோ ஒரு சர்வர் "சரி, வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லியிருக்கிறது. எந்த சர்வர் என்பதுதான் கேள்வி.

கணக்கை இப்போதே நீக்க வேண்டாம். காரணம் தெரியாமல் நீக்கினால் தடயமும் சேர்ந்து போய்விடும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். சமீபத்தில் ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினீர்களா? உங்கள் டொமைனுக்குள் அனுப்புவது மட்டும் தொலைகிறதா, வெளி ஆட்களுக்குப் போவதும் தொலைகிறதா? போனிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயில் முகவரிக்கு ஒன்று அனுப்பினால் என்ன ஆகிறது? ஸ்பேமையும் திறந்து பாருங்கள்.

சாம்பார்வாளி:

அண்ணா, ஆமாம். போன மாதக் கடைசியில் ஹோஸ்டிங் மாற்றினோம். பழைய இடத்தில் சந்தா ஏறிக்கொண்டே போனது. கம்ப்யூட்டரையும் போனையும் மாற்றிக் கொடுத்தது மாமாவுக்குத் தெரிந்த ஒரு டெக்னீஷியன். வரவேண்டிய மெயில் வந்ததால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டோம்.

சமையலறைக்குப் போவது ஒன்றுகூடச் சேரவில்லை. வெளி வாடிக்கையாளர்களில் சிலர் ஸ்பேமில் கிடந்தது என்கிறார்கள், சிலர் வரவே இல்லை என்கிறார்கள். என் ஜிமெயிலுக்கு அனுப்பினேன், ஸ்பேமில் விழுந்தது.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு ஒருவர் தனிச்செய்தியில் வந்து, பாஸ்வேர்டைக் கொடுத்தால் தூரத்திலிருந்தே சரிசெய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பூன்லே_அக்கா:

ஐயோ வேண்டாம் தம்பி! அவரை பிளாக் செய்யுங்கள். மெயில் பாஸ்வேர்டும் அதில் இருக்கிற வாடிக்கையாளர் விவரமும் கையில் கிடைத்தால் உங்கள் மாமா பெயரிலேயே பில் அனுப்பிப் பணம் கேட்பான். இப்படி எது வந்தாலும் சந்தேகமாக இருந்தால் 1799க்கு அடியுங்கள், மோசடி பற்றிக் கேட்க ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்.

கம்பிவடம்:

அக்கா சொன்னதே என் பதிலும்.

ஹோஸ்டிங் மாற்றினீர்கள் என்றதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. ஸ்பேமில் விழுந்த அந்த மெயிலைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி 'அசலைக் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் வரிகளில் என்ன இருக்கிறது? மெயில் உண்மையாகவே உங்கள் டொமைனுடையதுதானா என்று பார்க்கும் சோதனைகள் அவை. அதற்குக் கீழே 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே போகும், அதனால் பயணத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எந்த சர்வர் பெயர் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். முழுவதையும் இங்கே ஒட்ட வேண்டாம், வாடிக்கையாளர் முகவரி ஏதாவது அதில் கலந்திருக்கப் போகிறது.

சாம்பார்வாளி:

பார்த்தேன். எஸ்பிஎஃப் வரியில் சாஃப்ட்ஃபெயில் (மென்மையான தோல்வி). டிகேஐஎம் வரியில் ஃபெயில். கீழிருந்து முதல் 'ரிசீவ்ட்' வரியில் பழைய ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயர்! கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பிய மெயிலையும் திறந்து பார்த்தேன். அதில் புது நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, எஸ்பிஎஃப் பாஸ், டிகேஐஎம் பாஸ்.

கம்பிவடம்:

திருடன் அகப்பட்டான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது பலருக்கும் நடப்பது.

மெயில் ஆப்பில் இரண்டு தனி வழிகள் உண்டு. வருவது ஐமேப் வழியாக, பெரும்பாலும் போர்ட் 993. போவது எஸ்எம்டிபி வழியாக, போர்ட் 465 அல்லது 587. இரண்டுக்கும் அமைப்புத் திரை வேறு, சர்வர் பெயரும் வேறு வேறாக இருக்கலாம். உங்கள் போனில் வரும் வழியைப் புது சர்வருக்குத் திருப்பிவிட்டார்கள், போகும் வழியைத் தொடவே இல்லை. பழைய சந்தா இன்னும் முடியவில்லை, பாஸ்வேர்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே என்று நினைக்கிறேன். அதனால் பழைய சர்வர் கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறது. எரர் வருவதற்கு இடமே இல்லை.

சரி, வாங்கிய மெயில் எங்கே போகிறது? பழைய சர்வரின் பட்டியலில் உங்கள் டொமைன் இன்னும் 'நம்ம வீட்டுப் பிள்ளை'. சமையலறை முகவரிக்கு ஒரு மெயில் வந்தால், இந்த டொமைனுக்கு இப்போது மெயில் வாங்குவது யார் என்று அது டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் முகவரிப் புத்தகத்தில்) எம்எக்ஸ் பதிவைத் தேடிப் பார்க்காது. தன்னிடமே இருக்கிற பழைய சமையலறைப் பெட்டியில் போட்டுவிடும். அதன் கணக்கில் அது வெற்றிகரமான டெலிவரி. உங்கள் ஆர்டர்கள் தொலையவில்லை, ஆள் குடிபோன வீட்டின் தபால் பெட்டியில் குவிந்து கிடக்கின்றன.

வெளி ஆட்களின் கதை வேறு. எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இன்னின்ன சர்வருக்கு மட்டும் அனுமதி என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பது எஸ்பிஎஃப். மாற்றும்போது அதில் புது நிறுவனத்தைப் போட்டு, பழையதை எடுத்திருப்பார்கள். அது சரிதான். ஆனால் உங்கள் போன் இன்னும் பழைய சர்வர் வழியாக அனுப்புவதால், பெறுகிறவர்களுக்கு அது போலி மெயிலாகத் தெரிகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இரண்டுமே ஃபெயில். ஸ்பேமில் விழுந்தது அதிர்ஷ்டம்தான், கண்டிப்பான நிறுவன சர்வர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

அப்படித் திருப்பி அனுப்பினால் 'போய்ச் சேரவில்லை' என்று எனக்கு அறிவிப்பு வந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வந்திருக்கும். ஆனால் அந்த அறிவிப்பை எழுதுவதும் பழைய சர்வர்தான். அது உங்கள் முகவரிக்குப் போடும்போது, புது பெட்டிக்கு அல்ல, தன்னிடமுள்ள உங்கள் பழைய பெட்டிக்குத்தான் போடும்.

ஈசூன்வாசி:

அப்படியென்றால் 'அனுப்பியவை' ஃபோல்டரில் எப்படி இருக்கிறது? கம்ப்யூட்டரில் பார்த்தாலும் அங்கே தெரியுமே?

கம்பிவடம்:

தெரியும், குழப்புவதே அதுதான். எஸ்எம்டிபி சர்வர் வாங்கிக்கொண்டதும், ஆப் ஒரு நகலைத் தனியாக ஐமேப் வழியாக 'அனுப்பியவை'யில் ஏற்றுகிறது. ஐமேப் புது சர்வர் என்பதால் கம்ப்யூட்டரிலும் அது தெரிகிறது. அந்த ஃபோல்டரில் இருப்பது ஆப் தானே வைத்துக்கொண்ட நகல், எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அது ரசீது கிடையாது.

தம்பி, ஜிமெயில் ஆப்பில் அமைப்புகளுக்குள் அந்தக் கணக்கைத் தொட்டு, கீழே 'வெளிச்செல்லும் அமைப்புகள்' போங்கள். எஸ்எம்டிபி சர்வர் என்ற இடத்தில் புது நிறுவனம் கொடுத்த பெயரைப் போடுங்கள். பாதுகாப்பு வகை, போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ், இதை மாற்றிப் போட்டால் இணையாது. 'உள்நுழைவு தேவை' டிக் இருக்கட்டும். பயனர் பெயர் முழு மெயில் முகவரி. மறுபடி ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி அசலைப் பாருங்கள்.

சாம்பார்வாளி:

அண்ணா, கோடி நன்றி. நீங்கள் சொன்னது அப்படியே. வரும் பக்கத்தில் எங்கள் டொமைன் பெயர்தான் இருந்தது, அது தானாகப் புது இடத்துக்குப் போய்விட்டது. போகும் பக்கத்தில் மட்டும் பழைய நிறுவனத்தின் சர்வர் பெயரே எழுதியிருந்தது. முன்பு ஒருமுறை சர்வர் பெயர் பொருந்தவில்லை என்று சான்றிதழ் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்ததால் அப்படி மாற்றிப் போட்டது, மாமா நினைவுபடுத்திச் சொன்னார்.

மாற்றிவிட்டேன். எஸ்பிஎஃப் பாஸ், இன்பாக்ஸிலேயே விழுகிறது. சமையலறைக்கும் போய்விட்டது, அங்கிருந்து போன் செய்து உறுதிப்படுத்தினார்கள்.

பழைய நிறுவனத்தின் வெப்மெயிலில் சமையலறைக் கணக்கால் நுழைந்து பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஆர்டர் முதற்கொண்டு எல்லாம் வரிசையாக இருக்கிறது. என் பெட்டியில் திருப்பி அனுப்பப்பட்ட அறிவிப்புகள் ஒரு குவியல். அதோடு நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று: மசாலா சப்ளையர் ஒருவர் அனுப்பிய இன்வாய்ஸ் இரண்டு அங்கே கிடக்கின்றன. பணம் வரவில்லை என்று அவர் கோபத்தில் இருக்கிறார், எங்களுக்கு பில்லே வரவில்லை என்று மாமா கோபத்தில் இருக்கிறார். அது எப்படி அங்கே போனது?

கம்பிவடம்:

அந்த சப்ளையரும் அதே பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருப்பார், அநேகமாக அதே சர்வரில். அவர் அனுப்பும்போதும் சர்வர் 'இது நம்ம டொமைன்' என்று உள்ளேயே போட்டுவிடுகிறது. உங்கள் போனைச் சரிசெய்தாலும் இது நிற்காது. பழைய நிறுவனத்துக்கு எழுதி, உங்கள் டொமைனை அவர்களின் மெயில் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் திரை) இருந்தால் 'இமெயில் ரூட்டிங்' பகுதியில் 'ரிமோட்' என்று நீங்களே மாற்றலாம். அதற்கு முன் அங்கே இருக்கும் மெயில் அனைத்தையும் இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள். சந்தா முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

பூன்லே_அக்கா:

என்னுடையது ஐபோன். என் டியூஷன் நிலையத்து மெயிலும் சில பெற்றோருக்கு மட்டும் ஸ்பேமில் விழுகிறது. நாங்கள் ஹோஸ்டிங் எதுவும் மாற்றவில்லையே?

கம்பிவடம்:

அக்கா, ஐபோன் அமைப்புகளில் மெயில் பகுதிக்குள் அந்தக் கணக்கைத் திறந்து எஸ்எம்டிபி வரியைத் தட்டுங்கள். 'பிரதான சர்வர்' என்று ஒன்றும், அதற்குக் கீழே 'மற்ற எஸ்எம்டிபி சர்வர்கள்' என்று ஒரு பட்டியலும் இருக்கும். பிரதானம் வழியாக அனுப்ப முடியவில்லை என்றால் ஐபோன் மற்றவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். நீங்கள் எப்போதோ சேர்த்த பழைய கணக்கின் சர்வர் அங்கே ஆனில் இருந்தால், டியூஷன் மெயில் சில சமயம் அந்த வழியாகப் போகும். சிலருக்கு மட்டும் ஸ்பேம் என்பது இதோடு பொருந்துகிறது. மற்றவற்றை ஆஃப் செய்துவிட்டு, ஸ்பேமில் விழுந்த ஒரு மெயிலின் அசலை எந்தப் பெற்றோராவது பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். கீழிருந்து முதல் 'ரிசீவ்ட்' வரி போதும்.

பூன்லே_அக்கா:

மூன்று சர்வர் ஆனில் இருக்கிறது. அதில் ஒன்று நான் வேலையை விட்டுவந்த பழைய கம்பெனியுடையது! ஆஃப் செய்துவிட்டேன். நாளை ஒரு பெற்றோரிடம் கேட்டு அந்த வரியைப் போடுகிறேன்.