பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தவர்கள்: நெல்லைச் சீமை அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

மணிவிழா மலர், கும்பாபிஷேக மலர், பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு என்று அடுத்தவர் பெயரில் எழுதிக் கொடுப்பது என் தொழில். கூலி பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும், பெயர் வராது. "அதான் காசு கொடுத்தாச்சே, பெயர் எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய், கடை வைத்து முன்னுக்கு வந்த ஓர் அண்ணாச்சி. அறுபதாம் கல்யாணத்துக்குத் தன் கதையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்றார். பேச உட்கார்ந்தால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "ரொம்பக் கஷ்டப்பட்டோம் தம்பி." அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட நகராது. அம்மா என்ன வேலை பார்த்தாங்க அண்ணாச்சி என்றேன். கருப்பட்டி காய்ச்சினா என்றார். விறகுக்கு என்ன செய்வீங்க என்று கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். காய்ந்த பனை மட்டையும் உடைமுள்ளும் பொறுக்கப் போனது வந்தது. பதநீர் பாகாகும்வரை கிண்டிக் கிண்டி அம்மாவின் வலது தோள் இறங்கிப்போனது வந்தது. சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியை ஓலைச் சிப்பமாகக் கட்டும்போது, ஓரம் உடைந்த துண்டு மட்டுமே பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் வந்தது. முன்னும் பின்னுமாகச் சொன்னதையெல்லாம் ஒழுங்குபடுத்தி, அவர் பேச்சின் வாடை போகாமல் எழுதினேன்.

வெளியீட்டு விழாவில் பேச வந்தவர் அந்தத் தோள் வருகிற பத்தியைத்தான் வாசித்தார். "அண்ணாச்சி வியாபாரி மட்டுமில்ல, பிறவி எழுத்தாளர்" என்றார். மண்டபமே கைதட்டியது. அண்ணாச்சி கூட்டத்தில் கண்ணால் என்னைத் தேடினார். அவர்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. உள்பக்கத்தில் 'எழுத்தாக்கம்' என்று என் பெயரைப் போடச் சொன்னவரே அவர்தான். அச்சுக்குப் போகிற நேரத்தில், அப்பாவே எழுதின மாதிரி இருக்கட்டும் என்று மகன் எடுத்துவிட்டார்.

வாழ்ந்தது அவர், பட்ட பாடும் அவருடையது. அதில் நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு அந்தத் தோளை வெளியே கொண்டுவந்து பத்தியாக்கியது என் வேலை. நாளைக்கு இன்னொருவர், "இதுவரைக்கும் என்ன எழுதியிருக்கீங்க?" என்றால் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. வாங்கிய காசு எழுதியதற்கு. எழுதினது இன்னார் என்பதை மறைப்பதற்கு நான் கூலி பேசவே இல்லை.

சங்கரன்கோவிலிலிருந்து:

வக்கீல் ஆபீஸ் ஒன்றில் இருக்கிறேன், அதனால் எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. வீட்டில் இருக்கிற கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பத்திர எழுத்தர் தயாரித்ததாக இருந்தால் கடைசியில் அவர் பெயரும் உரிம எண்ணும் கையெழுத்தும் இருக்கும். பத்து சென்ட் நிலத்துக்கு எழுதியவருக்கு உள்ள இடம், ஒருவருடைய ஆயுசையே எழுதியவருக்கு இல்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. உரிமையை விற்ற பிறகும், எழுதியது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். 19-ஆவது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். கையில் காசு கொடுத்ததாலேயே எல்லாம் மாறிவிடாது. மாதச் சம்பளத்துக்கு எழுதுகிறவர் கதை வேறு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை முதலாளிக்குப் போகும். மேடைப் பேச்சின் கதையும் வேறுதான், அதில் பதிப்புரிமை பொதுவாகப் பேசியவருக்கு. அதனால் வேலையை ஒத்துக்கொள்ளும் அன்றைக்கே, பெயர் எந்தப் பக்கத்தில் எப்படி வரும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர்தான் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் இருந்த புலவர், 1891-இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஆதரித்தவரைப் பாட்டில் புகழ்ந்தவர், தன் ஊரையும் பெயரையும் காவடிச்சிந்துக்குள்ளேயே வைத்துத்தான் பாடினார். புரவலர் பெருமை அதனால் குறைந்துபோகவில்லை.

தென்காசியிலிருந்து:

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆண்டு விழா உரை, வரவேற்புரை, திருமண வாழ்த்து மடல் எல்லாம் நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கெல்லாம் பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வாய் அவர்களுடையது, மேடையில் நிற்பதும் அவர்கள்தான். ஆய்வேடு எழுதித் தாருங்கள் டீச்சர் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். 'இது என் சொந்த ஆய்வு' என்று உறுதிமொழி கொடுத்துப் பட்டம் வாங்குகிற இடம் அது.

மனசு வலித்தது ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலரில். பழைய வருகைப் பதிவேடுகளைத் தூசி தட்டி, முன்னாள் மாணவர்களை வீடு தேடிப் போய்க் கேட்டு, பள்ளியின் வரலாற்றை நான் எழுதினேன். நிர்வாகி ஒருவர் பெயரில் கட்டுரை வந்தது. என் பெயர் கடைசிப் பக்க நன்றிப் பட்டியலில், பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் இருந்தது. அப்புறம் வேறொரு பள்ளி மலருக்குக் கேட்டார்கள். தலைப்புக்குக் கீழே என் பெயர் வருமானால் எழுதுகிறேன் ஐயா என்றேன். "இதுக்கென்ன டீச்சர், தாராளமா" என்று சொல்லி, அப்படியே போட்டார்கள்.