‘கல்ச்சுரல் சேஃப்டி’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர், வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் வடபுலத்தில் பூர்வகுடி முதியோரைப் பராமரிக்கும் பணியாளருக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். அதில் வரும் ‘கல்ச்சுரல் சேஃப்டி’ (cultural safety) என்பதைப் ‘பண்பாட்டு விழிப்புணர்வு’ என்று எழுதிப் பார்த்தேன், பொருள் நிறையவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வட்டாரத்தில் ஒருவர் இறந்தால், அவர் பெயரை உச்சரிக்காமல், அதே பெயருடைய மற்றவரையும் ‘குமஞ்சாயி’ என்னும் மாற்றுப் பெயராலேயே அழைப்பர் என்று பணியாளர் அறிந்திருப்பது விழிப்புணர்வு. அவர் முன்னிலையில் முதியவர் கூசாமலும் அஞ்சாமலும் இருப்பதோ வேறு. நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வளர்த்தெடுத்து, 1992இல் அந்நாட்டுச் செவிலியர் கல்வியில் இடம்பெற்ற இக்கருத்தின்படி, பணியாளர் நடந்துகொண்ட முறை தகுந்ததா என்பதைப் பராமரிப்பைப் பெறுபவரே சொல்ல வேண்டும்.

மறுமொழி 1

‘பண்பாட்டு ஏமம்’ என்க. ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ (குறள் 306) என்னுமிடத்தில் ஏமம் காவலைக் குறிக்கிறது. இன்பம் என்ற பொருளும் அதற்குண்டு என்பதால், அச்சம் நீங்கிய மகிழ்வையும் இச்சொல் தாங்கும். இது வடமொழி ‘க்ஷேம’த்தின் திரிபு என்பாரும் உளர், ‘ஏமாப்பு’ முதலிய கிளைச்சொற்களை நோக்கின், அதனை நான் ஏற்கவில்லை.

மறுமொழி 2

ஐயா, இரவுப் பணி முடித்துக் கையேட்டைப் புரட்டுபவருக்கு ‘ஏமம்’ என்றதும் ஏமாற்றந்தான் நினைவுக்கு வரும். ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ போதும்.

மறுமொழி 3

அச்சொல் வேண்டவே வேண்டாம். பண்பாட்டைப் பாதுகாத்தல் என்று அது பொருள்படுவது ஒரு குறை. அதனினும் பெரிய குறை வரலாற்றில் இருக்கிறது. நியூ சவுத் வேல்சில் 1909இல் இயற்றப்பட்ட பூர்வகுடிகள் ‘பாதுகாப்பு’ச் சட்டத்தின் கீழ்த்தான் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்தார்கள். அப்படிப் பறிக்கப்பட்டவர்களுள் சிலர் இன்று முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பேணுவோரின் கையேட்டில் அதே சொல்லைத் தலைப்பாக வைப்பது தகாது. உணர்பவரை முன்னிறுத்தும் ‘பண்பாட்டுக் காப்புணர்வு’ என்பதை முன்மொழிகிறேன்.

மறுமொழி 4

காப்பும் பாதுகாப்பும் ஒரே வேரின, ஆதலால் நீங்கள் விலக்கியது வேறு வாயிலால் உள்ளே வந்துவிடுகிறது. ஏமமே என் கருத்து.

முதல் மடலாளர்

பெரும்பான்மையோர் தனிமடலில் ஒப்பியதால் ‘பண்பாட்டுக் காப்புணர்வு’ என்றே அனுப்புகிறேன். முதன்முறை வருமிடத்தில் ‘பராமரிக்கப்படுபவர் தம் பண்பாட்டோடு அச்சமின்றி இருக்கும் நிலை’ என்று விளக்கமும் சேர்த்துள்ளேன். ஏமம் குறித்த மறுப்பைச் சொற்பட்டியலில் பதிந்துவிட்டேன். ‘பூர்வகுடி’யா ‘முதற்குடி’யா என்ற கேள்வியைத் தனி இழையில் தொடங்குகிறேன்.