மீட்பைப் பாடும்போது கை எழவில்லை

கேள்வி (கிளிநொச்சி):
2009 ஏப்ரலில், போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளனில் இடுப்பளவு நீரில் நடந்து தப்பினேன். தம்பி வரவில்லை. ஞாயிறு ஆராதனையில் “மீட்டுக்கொண்டார்” என்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். என் கை எழவில்லை. நன்றிகெட்டவளா நான்?

பதில்:
இல்லை, அக்கா. வேதாகமத்தில் யாத்திராகமம் 15ஐ முழுவதும் வாசியுங்கள். எகிப்திலிருந்து தப்பிய இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்ததும், மோசேயின் அக்கா மிரியாம் தம்புரு என்ற கைமேளம் எடுத்து ஆடுகிறாள். மூன்று நாள் தண்ணீரில்லை, பிறகு மாரா என்ற இடத்தின் கசப்புநீர். அதே ஜனம் முறுமுறுக்கிறது. பிரசங்கங்கள் பெரும்பாலும் தம்புருவோடு நின்றுவிடுகின்றன!

பதில் (முல்லைத்தீவு):
சபை பாடுவது சிலுவையின் மீட்பை, பிள்ளை. ஷெல்லுக்குத் தப்பியதை அல்ல. இரண்டையும் குழப்பினால், தம்பியைக் கடவுள் கைவிட்டார் என்றாகிவிடும். 13ஆம் சங்கீதம் “எதுவரைக்கும்” என்று கேட்டுத்தான் பாட்டில் முடிகிறது. ஆறே வசனம்.

கேட்டவர்:
தம்பிதான் எங்கள் சபையில் தபேலா வாசித்தவன். இந்த ஞாயிறு பின்வரிசை வாங்கில் இருந்து அந்த ஆறு வசனங்களையும் வாசிக்கிறேன். கைதட்டுவது பிறகு.