முதல் கேமே முழு யாழ்ப்பாணம்: தொடங்கிவிட்டு நடுவில் விட்டவர்கள் வாருங்கோ

நானே தொடங்கிவைக்கிறேன், இனி வெட்கப்பட்டுப் பயனில்லை. நான் 2020 ஏஎல் பேட்ச். சோதனை முடிந்து ரிசல்ட்ஸ் வரும்வரை சும்மா இருந்த காலத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று பேர் இருந்து ஒரு முடிவெடுத்தோம். ஜிடிஏ மாதிரி, ஒரு முழு ஊருக்குள் கார் ஓடித் திரிகிற கேம் ஒன்று, ஆனால் யாழ்ப்பாணத்தில். பண்ணைப் பாலத்தில் இருந்து பருத்தித்துறை வெளிச்சவீடு வரை முழுக் குடாநாடும். கோட்டைக்குள் ஒரு மிஷன், நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் ஒளிந்து ஓடுவது இன்னொன்று, மினிபஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகலாம், மழை பெய்தால் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். 80 பக்கச் சீஆர் கொப்பி ஒன்று கதையாலேயே நிரம்பியது. அந்த நேரம் எங்கள் மூவரில் ஒருத்தனுக்கும் ஸ்கிரீனில் ஒரு பெட்டியை இடமிருந்து வலம் நகர்த்தத் தெரியாது.

கேம் செய்கிற மென்பொருளான அன்ரியல் எஞ்சினைத் திறந்தால் என் 8 ஜிபி லாப்டொப் மூச்சுவாங்கும். ஆறு மாதத்தில் எங்களிடம் இருந்தது ஒரு துண்டு ரோடும் எங்கேயோ இலவசமாக இறக்கிய ஒரு பஸ்ஸும். ரோட்டுக்குக் கொலிஷன், அதாவது மேலே வருவதைத் தாங்கி நிறுத்துகிற தன்மை, வைக்க வேண்டும் என்பதே தெரியாததால், பிளே அழுத்தியதும் பஸ் ரோட்டை ஊடுருவிக் கீழே போய்விடும். கமராவும் அதன் பின்னாலேயே போகும். மேலே எங்கள் ஊர் சின்னனாகிச் சின்னனாகி ஒரு புள்ளியாகும். முதல் நாள் வயிறு நோகச் சிரித்தோம், மூன்றாம் கிழமை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஏன் அப்படித் தொடங்கினோம் என்று பிறகுதான் யோசித்தேன். விளையாடுகிறவனுக்குத் தெரிவது காரும் துவக்கும் ரோடும்தான். கார்க் கதவைத் திறக்கிற கை எப்படிச் சரியாகப் போய்ப் பிடியில் நிற்கிறது என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. 2013இல் வந்த ஜிடிஏ 5இல் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள் என்று வாசித்தபோதுகூட, ‘எங்களுக்கு அவ்வளவு வேண்டாம், எங்கட வரைபடம் சின்னன்தானே’ என்றான் சிநேகிதன். நானும் தலையாட்டினேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் நோகும். அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘தம்பி இப்ப என்ன செய்யுறார்?’ என்று கேட்டார். ‘முழு யாழ்ப்பாணத்தையும் கம்பியூட்டருக்குள்ள கொண்டுவாறம் அங்கிள்’ என்றேன். மனுசன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ‘பந்து தட்டுற கேம் ஒண்டு’ என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி கம்பஸ் பற்றித்தான் வந்திருக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது, கேமும் நின்றது. எல்லாப் பழியையும் கரண்டில் போட்டோம். நல்ல சாட்டு. சரி, உங்கள் கதைகள்?

* * *

தம்பி, நான் மானிப்பாய், பின்னேரங்களில் பெடியளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் உங்கள் மாதிரித்தான், ஆனால் பஸ் வரைக்கும்கூடப் போவதில்லை. போன வருடம் ஒருத்தன் வந்தான், ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் விளையாடுகிற ஒன்லைன் கேம் வேணுமாம். நான் கேட்டேன், ‘சரி, ஆயிரம் வேண்டாம், ரெண்டு பேர். மரத்தில இருந்து ஒரு தேங்காய் விழுகுது. உன்ர போனில நிலத்தில கிடக்கு, அவன்ர போனில இன்னும் பாதி வழியில நிக்குது. இப்ப அதை எடுத்தது ஆர்?’ பெடியன் கன நேரம் யோசித்துவிட்டு, ‘நல்ல சிக்னல் இருக்கிற இடத்தில விளையாடச் சொல்லலாம் சேர்’ என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

திரையில் பந்தைத் தட்டி விளையாடுகிற பொங் என்ற பழைய கேமைச் செய்யச் சொன்னதும் அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. 1972இல் அட்டாரி என்ற கேம் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த அலன் அல்கோர்ன் என்ற எஞ்சினியருக்கே கை பழகுவதற்கென்று கொடுத்த பயிற்சிதான் அது என்றேன். எடுபடவில்லை. அவன் திருப்பிச் சொன்னது ஸ்டார்டியூ வேலி என்ற கேமை: ‘அதை ஒராள்தானே சேர் செய்தவர்?’

எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிற உதாரணம் இதுதான், அதனால்தான் எனக்கு எரிச்சல். ஓம், எரிக் பரோன் தனியாகத்தான் செய்தார். ஆனால் அவர் கம்பியூட்டர் சயன்ஸ் பட்டத்தை முடித்துவிட்டு, கை தேறுவதற்காக ஒரு சின்ன விவசாயக் கேமாகத் தொடங்கியது அது. 2016 பெப்ரவரியில் வெளியிடும்வரை நாலு வருடத்துக்கு மேல் இருந்தார், இடையில் தியேட்டரில் ஆட்களை இருக்கைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்துகிற வேலையும் பார்த்தார். எங்கள் பெடியள் இதில் ‘ஒராள்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள்.

* * *

அண்ணைமார் ரெண்டு பேரும் பெரிசைப் பற்றியே கதைக்கிறீர்கள், நான் சின்னனில் அடிவாங்கினவள். கோடோ என்ற கேம் செய்கிற மென்பொருளில் கிளித்தட்டு செய்தேன். கோடு கீறின தட்டு, காக்கிறவர்கள் ஒரு பக்கம், ஊடறுத்துப் போகிறவர்கள் மறுபக்கம், நடுக்கோட்டில் ஓடுகிற கிளி, இவ்வளவுதானே, சனி ஞாயிறுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு கிழமை போனது. முற்றத்தில் விளையாடும்போது ‘கோட்டை மிதிச்சிட்டாய்’ என்று சண்டைபிடித்தே தீர்த்துக்கொள்கிற விசயத்தைப் புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே. கால் கோட்டில் எத்தனை பிக்சல் பட்டால் மிதித்ததாகக் கணக்கு? கடைசித் தட்டைத் தாண்டித் திரும்பி வருகிற பழம், இன்னும் தாண்டாத காயோடு ஒரே தட்டில் நின்றால் அந்தக் கணத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். என்னுடைய கிளி ஒரு கிழமையாகக் கோட்டின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் நின்று ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

முடித்து, தம்பியிடம் போனைக் கொடுத்தேன். நாலு நிமிசம் விளையாடினான். திருப்பித் தந்துவிட்டு, ‘இவ்வளவுதானோ?’ என்றான்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. உங்கள் முழு யாழ்ப்பாணக் கேமைப் பார்த்து ஒருத்தரும் ‘இவ்வளவுதானோ’ என்று கேட்க ஏலாது அண்ணை, ஏனென்றால் அது வரவே வராது. எனக்கும் அடுத்ததாக ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கி அதற்குள் ஒளிந்துகொள்ளலாம் போலத்தான் இருந்தது. கொப்பிகூட வாங்கிவிட்டேன்.

* * *

தங்கச்சி, நீங்கள் சொன்னதை நேற்று நாலு தரம் வாசித்தேன். அந்தக் கிளித்தட்டின் ஏபிகே, போனில் இறக்கிப் போடுகிற ஃபைல், இருந்தால் இங்கே போடுங்கோ, நான் நாலு நிமிசத்துக்கு மேல் விளையாடுவேன். உங்கள் கிளி இரண்டு இடத்தில் நின்ற வேர்ஷனும் இருந்தால் அதையும் போடுங்கோ, பதிலுக்கு எங்கள் பஸ் விழுகிற வீடியோவைத் தருகிறேன். 11 நிமிசம். முடிவில்லை, ரெக்கோர்டிங்கை நான்தான் நிப்பாட்டினேன்.