மகள் இயற்கை வள மேலாண்மை படிக்கப் போகிறாளாம். படித்தால் வேலை எங்கே?

ஸ்ரீராம்புரம் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறேன். பீன்யாவில் ஒரு டூல் ரூமில் 22 வருடமாக வேலை. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். மகள் செகண்ட் பியுசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. பாடம் பிசிஎம்பி: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். மார்க் நன்றாகவே வாங்குகிறாள். நான் மனதில் போட்டு வைத்திருந்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். பெங்களூரில் இருந்துகொண்டு வேறு எதை நினைப்பேன்?

போன தீபாவளிக்கு அப்புறம்தான் இது ஆரம்பித்தது. சனிக்கிழமை காலையில் சில பிள்ளைகளோடு ஏரி பார்க்கக் கிளம்பினாள். முதலில் சாங்கி ஏரி. பக்கத்தில்தானே என்று விட்டேன். பிறகு ஜக்கூர், வர்த்தூர் என்று தூரம் கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் பழுப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். புளிக்கரைசல் என்று நினைத்து என் மனைவி குழம்பில் ஊற்றப் போய்விட்டார். நல்ல வேளை, வாடை காட்டிக்கொடுத்தது. வர்த்தூர் ஏரித் தண்ணீராம்.

இப்போது நேச்சுரல் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். ஒரு கல்விக் கண்காட்சியில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் கடையில் விசாரித்தோம். வருடத்துக்கு மூன்றரை லட்சம். நோட்டீஸ் முழுக்க யானைப் படம். போன வருடம் படித்து முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று கேட்டதற்கு, அங்கிருந்த பெண் இன்னொரு நோட்டீஸ் கொடுத்தார். அதிலும் யானை.

லேத் பழகிய பையன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும். புரோகிராம் எழுதுகிறவன் எங்கே போவான் என்பதும் தெரியும். இதைப் படித்தவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? 2024 கோடையில் எங்கள் தெருவில் டேங்கருக்குக் குடத்தோடு நின்றதைச் சொல்லி, "தண்ணியே இல்லாத ஊர்ல தண்ணியப் பத்திப் படிச்சவளுக்கு வேலை இல்லாமப் போயிடுமாப்பா?" என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.


சிவில்98:

அண்ணே, சுருக்கமாகச் சொல்கிறேன். பாப்பாவை சிவில் இன்ஜினியரிங்கில் போடுங்கள். தண்ணீர் மேல் ஆசை என்றால் எம்.டெக்.கில் நீர்வளம் எடுக்கட்டும். பாசனத் துறை, குடிநீர் வாரியம் எல்லாவற்றிலும் உதவிப் பொறியாளர் பதவிக்குப் பெரும்பாலும் சிவில்தான் கேட்பார்கள். பெங்களூர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிற கே.சி. வேலி திட்டத்தில் 2018-ல் தண்ணீர் விட்டார்கள். அந்தக் குழாய், பம்ப் எல்லாம் எங்கள் ஆட்கள் போட்டது. நமக்குக் காவிரி வருவதும் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் பம்ப் போட்டு ஏற்றித்தான். மேலாண்மை என்று போர்டு மாட்டிய படிப்பை நம்பிப் போய், ஒப்பந்த வேலையில் வருடா வருடம் கையெழுத்துப் போடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.


கலிங்கு:

அண்ணா, நான் இந்தத் துறையில்தான் 2008-லிருந்து இருக்கிறேன். ஊர் கிருஷ்ணகிரி. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் படித்தேன். சிவில் நண்பர் சொல்வதில் பாதி சரி. மீதிக்கு அப்புறம் வருகிறேன்.

முதல் வேலை கோலார் மாவட்டத்தில், ஏரி சீரமைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில். மாதம் 9,500 ரூபாய், ஒரு பழைய டிவிஎஸ் வண்டி. கோலாரில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஏரிகளையும் போர்வெல்லையும் நம்பித்தான் பிழைப்பு. ஓர் ஊரில் ஏரித் தூம்பு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு, பாழாகிக் கிடந்தது. நான் கரையை அளந்தேன், மட்டம் பார்த்தேன், வண்டல் எத்தனை கனமீட்டர் என்று கணக்குப் போட்டேன். தூம்பைச் சரிசெய்ய எஸ்டிமேட் எழுதி ஊர்க்கூட்டத்தில் வைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊர்ப் பங்குப் பணம் மட்டும் வரவே இல்லை. மூன்று மாதம் அலைந்தேன்.

கடைசியில் அந்த ஊர் நீருகண்டிதான் சொன்னார். நம் பக்கம் நீர்க்கட்டி என்போமே, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர், அவரேதான். "தூம்பு கெட்டுப் போகலம்மா. அடைச்சு வெச்சிருக்கு." ஏரியில் தண்ணீர் அப்படியே நின்றால் சுற்றியுள்ள போர்வெல்லில் ஊறும். போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு அது லாபம். தூம்பைத் திறந்தால் ஆயக்கட்டில், அதாவது ஏரிப் பாசன நிலத்தில், அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்து, போர் போட வசதியில்லாதவர்களுக்கு லாபம். இரண்டு தரப்பும் என் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தன. போர்க்காரரிடம் கடன் வாங்கியவர் அவர் எதிரில் எப்படி வாய் திறப்பார்? இது தெரியாமல் நான் சிமெண்ட் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் கூட்டம் போடுவதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஏரி நிரம்பிக் கலிங்கு, அதாவது உபரி நீர் வெளியேறும் இடம், வழிந்த வருடம் மட்டும் தூம்பு திறப்பது, தூர்வாரும் வண்டலில் முதல் லோடுகள் போர் இல்லாதவர் நிலத்துக்குப் போவது என்று ஒரு மாதிரி முடிவானது. ஏரிக்குள் ஆடு மேய்த்தவர்களை அந்தப் பேச்சில் யாரும் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்தச் சமயத்தில்தான், 2009-ல், எலினார் ஆஸ்ட்ரோம் பொருளாதார நோபல் வாங்கினார். ஏரி, மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர் மாதிரிப் பொதுச் சொத்தை அரசாங்கமோ தனியாரோ எடுத்துக்கொண்டால்தான் பிழைக்கும் என்றில்லை, பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து நடத்த முடியும் என்று காட்டியவர். அலுவலகத்தில் செய்தித்தாளைக் காட்டினார்கள். நீருகண்டியிடம் விளக்கினேன். "இதுக்குப் பரிசு வேற குடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

இயற்கை வள மேலாண்மை என்பது அநேகமாக இந்தச் சண்டைதான். யாருக்கு எவ்வளவு, எப்போது, அதை யார் முடிவு செய்வது. ஆனால் சண்டையில் உட்காருவதற்கு முன்னால் கையில் ஒரு கெட்டியான பாடம் வேண்டும். என்னிடம் வனவியல் இருந்தது, மண்ணும் மட்டமும் ஓரளவு தெரிந்தது. அதனால்தான் என் பேச்சை ஊரில் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆகவே என் கருத்து, முதல் பட்டத்தில் மேலாண்மை வேண்டாம், இரண்டாவது பட்டத்தில் எடுக்கட்டும். முதலில் வனவியல், விவசாயம், நிலவியல், தாவரவியல், ஏன், சிவிலே ஆனாலும் சரி.

கர்நாடகத்தில் சிர்சியிலும் பொன்னம்பேட்டையிலும் வனக் கல்லூரிகள் இருக்கின்றன. நான்கு வருடம், சேர்க்கை கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான கே-சிஇடி வழியாக. பிசிஎம்பி எடுத்தது இதற்குப் பொருந்தும். பெங்களூரிலேயே இருக்க வேண்டும் என்றால் ஜிகேவிகே என்கிற விவசாயப் பல்கலைக்கழகத்தில் விவசாயம். எதுவானாலும் நீங்கள் சொன்ன மூன்றரை லட்சத்தின் பக்கத்தில்கூடக் கட்டணம் வராது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வனப்பணி எழுதும் ஆசை பிற்பாடு வந்தால், பட்டத்தில் இன்னின்ன பாடம் இருக்க வேண்டும் என்று யுபிஎஸ்சி பட்டியலே வைத்திருக்கிறது. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை மருத்துவம் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விவசாயம், வனவியல், பொறியியல் பட்டம். சுற்றுச்சூழல், நீடித்த வளர்ச்சி என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்த பட்டத்தில் இவை ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கதவு மூடியது மூடியதுதான். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு 24 வயதில்தான் இது தெரிந்தது. முதல்நிலைத் தேர்வு 2013-லிருந்து ஐ.ஏ.எஸ்.காரர்களோடு சேர்த்துத்தான். கடைசியில் நடைத்தேர்வும் உண்டு, நான்கு மணி நேரத்தில் பெண்களுக்கு 14 கிலோமீட்டர், ஆண்களுக்கு 25.

மேற்படிப்புக்கு போபாலில் ஐஐஎஃப்எம் என்கிற இந்திய வன மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. நான் படித்தது அங்கேதான், கேட் (CAT) மாதிரி மேலாண்மை நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும். ஊரக மேலாண்மைக்கு ஆனந்தில் இர்மா, சுற்றுச்சூழல் படிப்புக்கு டெல்லியில் டெரி, சமூக அறிவியலுக்கு துல்ஜாபூரில் டிஸ். பெங்களூரில் சுற்றுச்சூழல் ஆராய்ச்சிக்கு ஏட்ரீ, மேம்பாட்டுப் படிப்புக்கு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். கல்லூரியில் இருக்கும்போதே கியூஜிஐஎஸ் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வரைபடம் போடும் இலவச மென்பொருள். எனக்குச் சம்பளம் ஏறியது வரைபடம் போடத் தெரிந்த பிறகுதான்.

சம்பளத்தையும் மறைக்கவில்லை. இப்போது மாதம் லட்சத்தைத் தொடுகிறேன். அதற்குப் 16 வருடம் ஆனது. என் தம்பி ஐ.டி.யில் நாலாவது வருடத்திலேயே தொட்டுவிட்டான்.

சிவில் நண்பருக்கு: கே.சி. வேலி குழாயை உங்கள் ஆட்கள் போட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதில் வருவது இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நின்ற தண்ணீர். அது ஏரியில் நின்று நிலத்தடியில் இறங்கினால் போர்வெல்லுக்கு என்ன ஆகும், அந்த மண்ணில் பத்து வருடம் கழித்துத் தக்காளி எப்படி விளையும் என்பதைப் பம்ப் சொல்லாதே. அதற்கும் ஆள் வேண்டும் அல்லவா?


பில் எண்ணுபவன்:

கலிங்கு அக்கா சொல்லாத இன்னொரு பக்கம். நான் எலக்ட்ரானிக் சிட்டியில் இஎஸ்ஜி, அதாவது நிறுவனங்களின் சுற்றுச்சூழல், சமூக, நிர்வாகப் பொறுப்பு பற்றிய ஆலோசனை வேலையில் இருக்கிறேன். படித்தது பி.காம்., சிரிக்காதீர்கள். பங்குச் சந்தையில் முதல் 1000 பெரிய நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவு எல்லாவற்றுக்கும் வருடா வருடம் அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம். அதனால் இந்த ஊரில் இந்த வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். காட்டுக்குப் போவோம் என்று நினைக்காதீர்கள். நான் பார்ப்பது டேங்கர் பில், ஜெனரேட்டர் டீசல் பில், கழிவுநீர் நிலைய ரிஜிஸ்டர், அதற்கப்புறம் எக்செல்.

ஒரு வாடிக்கையாளர் இடத்தில், இந்த டேங்கர் தண்ணீர் எந்த போர்வெல்லிலிருந்து வருகிறது என்று கேட்டேன். மேனேஜர் செக்யூரிட்டியைப் பார்த்தார். செக்யூரிட்டி டேங்கர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தார். நான் "மூன்றாம் தரப்பு நீர்" என்று ஒரு கட்டத்தில் நிரப்பிவிட்டு வந்தேன். நிலத்தடி நீர் தெரிந்த ஒருவர் எங்கள் குழுவில் இருந்தால் அந்தக் கட்டத்தை அப்படி விட்டிருக்கமாட்டார். சம்பளம் பரவாயில்லை, தொண்டு நிறுவனத்தை விட அதிகம். அலுப்பும் அதிகம்.


ஸ்ரீராம்புரம் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மூன்று பேர் எழுதியதையும் மகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். யுபிஎஸ்சி பட்டியல் விஷயம் அவளுக்கும் தெரியவில்லை. யானை நோட்டீஸை அவளே கிழித்துவிட்டாள், பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் கணக்குப் போட எடுத்துக்கொண்டாள். இப்போதைக்கு முதல் விருப்பம் சிர்சி வனவியல், இரண்டாவது ஜிகேவிகே, மூன்றாவது சிவில் என்று எழுதி வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸை நான்காவதாகச் சேர்க்கச் சொன்னேன். பென்சிலில் எழுதியிருக்கிறாள்.

தூம்புக் கதையைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் ஏரி ஞாபகம் வந்தது. அப்பா இருந்தபோது நீர்க்கட்டிக்கு அறுப்பு முடிந்ததும் நெல் அளப்போம். இப்போது அந்த ஏரியில் தண்ணீர் நின்றாலும் திறந்து நான் பார்த்ததில்லை. அங்கேயும் யாராவது அடைத்து வைத்திருக்கிறார்களா என்று இத்தனை வருடத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. பொங்கலுக்குப் போகும்போது கேட்க வேண்டும்.

கலிங்கு தங்கச்சி, ஒரு உதவி. கோலார்ப் பக்கம் ஒரு ஏரியை மகளுக்குக் காட்ட முடியுமா? ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு லீவு.


கலிங்கு:

வாங்கண்ணா, வருகிற ஞாயிறே. மெஜஸ்டிக்கிலிருந்து கோலார் பஸ் அடிக்கடி இருக்கிறது, காலை ஏழுக்குள் ஏறிவிடுங்கள். கோலார் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். பாப்பாவுக்கு ஷூ போட்டுக் கூட்டி வாருங்கள், கரை முழுக்கச் சீமைக்கருவேல முள். பாட்டில் கொண்டுவந்தால் மேலே பேர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.