1774-இல் மணலில் சிக்கிய ஆன்சா, அடுத்த ஆண்டே 240 பேரை அதே பாலைவனத்தின் வழியே கூட்டிப்போனது எப்படி?

பாலைக்கோடு:
ஸ்பானிய எல்லைப்படை அதிகாரி ஹுவான் பௌதிஸ்தா தே ஆன்சாவைப் பற்றி ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுக்கிறேன். 1736-இல் சோனோராவின் (இன்றைய வடமேற்கு மெக்சிகோ) ஃப்ரோன்தேராஸில் பிறந்தார், அதே பெயர் கொண்ட அப்பாவும் கோட்டைத் தலைவர், 1740-இல் அப்பாச்சிப் பழங்குடியினர் கையில் இறந்தார், மகன் 1760-இல் தூபாக் (இன்றைய அரிசோனா) கோட்டைப் பொறுப்புக்கு வந்தார் என்பதெல்லாம் தெளிவு. இடிப்பது இதுதான்: கலிபோர்னியாவுக்குத் தரைவழி திறக்க 1774-இல் பழகிய வீரர்களோடு போயே கொலராடோ ஆற்றுக்கு மேற்கே மணல்மேடுகளில் மாட்டிக்கொண்டு திரும்பினார். 1775-இல் கைக்குழந்தைகளோடு போன குடியேறிகள் கூட்டம் எப்படித் தாண்டியது? அவ்வளவு சிரமப்பட்டுத் திறந்த வழி ஆறே ஆண்டில் ஏன் மூடிப்போனது?

தூபாக்வாசி:
முதலில், தரைவழி எதற்கு என்பதைப் பார்த்துவிட்டால் மற்றது எளிது. கலிபோர்னியாவில் சான் டியாகோ, மான்டெரே குடியிருப்புகள் 1769, 1770-இல் வந்துவிட்டன. ஆனால் எல்லாமே மெக்சிகோவின் சான் பிளாஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் வரவேண்டும். வடக்கே போகும் கப்பலுக்குக் காற்றும் நீரோட்டமும் எதிர். வாரக்கணக்கில் இழுத்தடிக்கும், மாலுமிகள் ஸ்கர்வியில் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) சாவார்கள். குடும்பங்களையும் மந்தைகளையும் அப்படி அனுப்ப முடியாது. அதனால்தான் மெக்சிகோவில் ஸ்பானிய மன்னரின் பிரதிநிதியான வைஸ்ராய் புகரேலி ஆன்சாவின் திட்டத்துக்குச் சம்மதித்தார்.

1774 ஜனவரி 8-இல் தூபாக்கிலிருந்து கிளம்பியது 34 பேர், சுமார் 140 குதிரைகள், 65 மாடுகள். கிளம்பும் முன்பே அப்பாச்சிகள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டதால், மாற்றுக் குதிரை தேடித் தெற்கே அல்தார் பக்கம் சுற்றினார்கள். பிறகு 'பிசாசு வழி' என்றே பெயர் வாங்கிய வறண்ட தடம். கொலராடோவை அடைந்தபோதே விலங்குகள் பாதி செத்த நிலை. அதற்கு மேல் மணல்மேட்டில் இறக்கினால் என்ன ஆகும்? வழிகாட்டி செபாஸ்தியான் தராபால், கலிபோர்னியாவின் சான் கேப்ரியல் மிஷனிலிருந்து (பாதிரியார்கள் நடத்திய குடியிருப்பு) தப்பி வந்தவர்தான். ஆனால் அவருக்கே அங்கே திசை தவறியது. பத்து நாள் அலைந்து ஆற்றுக்கே திரும்பினார்கள். ஆன்சா செய்த சரியான காரியம் அதற்குப் பிறகுதான்: பாதிச் சுமையையும் தளர்ந்த விலங்குகளையும் அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த குவெச்சான் பழங்குடியினரின் தலைவர் சல்வதோர் பால்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, நல்ல விலங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு மணல்மேட்டைத் தெற்காகச் சுற்றினார். மார்ச் 22-இல் சான் கேப்ரியல்.

அடுத்த ஆண்டு தடம் மாறியது. பிசாசு வழியை விட்டுவிட்டு, சாண்டா குரூஸ் ஆற்றோடு வடக்கே போய், ஹீலா ஆற்றைப் பிடித்து, அதன் கரையோடே கொலராடோ வரை. தூரம் கூடுதல்தான். ஆனால் தண்ணீரும் புல்லும் பெரும்பாலும் பக்கத்திலேயே. நாளைக்குச் சில லெகுவாதான் (பழைய ஸ்பானிய தூர அளவு) நடை. பிரசவம், காய்ச்சல் என்றால் நின்றுவிடுவார்கள்.

மணல் பகுதிக்கு வந்ததும் கூட்டத்தை மூன்றாகப் பிரித்தார். ஊற்றுக் குழிகளில் தண்ணீர் மெல்லத்தான் சுரக்கும். 240 பேரும் நூற்றுக்கணக்கான குதிரைகளும் ஒரே நாளில் போய் நின்றால் முதலில் வந்தவை குடிக்கும், மிச்சம் சேறு. அதனால் ஒரு நாள் இடைவெளி: முதல் அணி ஆன்சாவோடு, அடுத்தது சார்ஜென்ட் கிரிஹால்வாவோடு, கடைசி அணி துணைத்தளபதி மொராகாவோடு. முன்னால் போகும் அணி குழியைத் தோண்டி ஆழமாக்கிவிட்டுப் போகும், பின்னால் வருபவர்கள் வருவதற்குள் அது நிரம்பும். மாடுகள் தனியாக, மேய்ப்பர்களோடு.

அப்படியும் அடி விழுந்தது, ஆனால் தாகத்தால் அல்ல, குளிரால். டிசம்பரில் பனி பெய்தது, நனைந்த மாடுகள் வரிசையாகச் செத்தன. மனிதர்களில் வழியில் இறந்தவர் ஒரே ஒரு பெண். அதுவும் பாலையில் இல்லை, தூபாக்கிலிருந்து கிளம்பிய முதல் இரவு, அக்டோபர் 23, லா கனோவாவில் பிரசவத்தில். குழந்தை பிழைத்தது.

தோலங்கி:
மேலே சொன்னதெல்லாம் சரி. படைவீரன் கையில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டுரைக்கு உதவும். எல்லைக் கோட்டை வீரனை 'தோல் அங்கி வீரன்' என்றே அழைத்தார்கள். 'குவேரா' என்பது பல அடுக்குத் தோலைச் சேர்த்துத் தைத்த, முழங்கால் வரை வரும் கையில்லா அங்கி. அம்பைத் தடுக்கும், ஆனால் கனம். கூடவே ஈட்டி, அகலவாள், தோல் கேடயம், குட்டைத் துப்பாக்கி. 1772 ஒழுங்குமுறைப்படி ஆளுக்கு ஆறு குதிரை, ஒரு குதிரைக்குட்டி, ஒரு கோவேறு கழுதை வைத்திருக்க வேண்டும், ஆண்டுச் சம்பளம் 290 பெசோ. அந்தச் சம்பளத்தில்தான் சாப்பாடும் துணியும் வாங்க வேண்டும் என்பதால் பெரும்பாலோர் கடனாளிகள்.

இதனால்தான் குடியேறிகளுக்கு முன்பணத்தைக் காசாகத் தரவேண்டாம், துணியாகவும் சாமான்களாகவும் கொடுங்கள் என்று ஆன்சா கேட்டார். காசாகக் கொடுத்தால் சூதாட்டத்தில் போய்விடும் என்பது அவர் கணக்கு. மனிதரை எடைபோடத் தெரிந்தவர்.

குதிரைக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. 1775 செப்டம்பரிலும் தூபாக்கில் அப்பாச்சிகள் சுமார் 500 குதிரைகளை ஓட்டிச் சென்றார்கள். மாற்றுக் குதிரைகள் போதாமல்தான் கிளம்பினார்கள். தினமும் காலையில் சுமார் 140 கோவேறு கழுதைகளுக்குப் பொதி ஏற்றி முடிப்பதற்குள் பொழுது ஏறிவிடும். நடை குறைந்ததற்கு அதுவும் காரணம்.

ஹீலாக்கரை:
வழி ஏன் மூடியது என்ற கேள்விக்கு வருகிறேன். வழி என்பதே பால்மாதான். ஆறு கடக்கும் இடம் குவெச்சான்கள் கையில் இருந்தது. 1774-இல் விட்டுப்போன பொருட்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவர் அவர். 1776-இல் ஆன்சாவோடு மெக்சிகோ நகரம் போய், 1777-இல் ஞானஸ்நானமும் பெற்றார். மிஷன் வரும், பரிசுகள் வரும், பகைவரிடமிருந்து காப்பு வரும் என்று நம்பினார்.

வந்தது வேறு. புதிய தலைமைத் தளபதி தெயோதோரோ தே க்ரோய்ஷ் செலவைக் குறைக்க, கோட்டை, மிஷன், ஊர் மூன்றையும் கலந்து இரண்டு சிறு குடியிருப்புகளை அமைத்தார். வீரர்கள் சொற்பம், பரிசுகள் அதைவிடச் சொற்பம். குடியேறிகளின் மாடுகள் குவெச்சான்களின் பயிரில் இறங்கின. 1781 கோடையில் ஸ்பானிய அதிகாரி ரிவேரா இ மொன்காதா கலிபோர்னியாவுக்கு ஓட்டி வந்த மந்தை, மெஸ்கீட் மரங்களையும் நாசம் செய்தது. அதன் காய்தான் அவர்களுடைய முக்கிய உணவு. ஜூலை 17-இல் கிளர்ச்சி வெடித்தது. ரிவேராவும், ஆன்சாவின் பயணங்களில் உடன்போன பாதிரியார் கார்செஸும் உட்பட நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அதோடு தரைவழி போயிற்று.

க்ரோய்ஷ் பழியை ஆன்சா மீதும் கார்செஸ் மீதும் போட்டார், குவெச்சான் நட்பை மிகைப்படுத்திச் சொன்னார்கள் என்று. எனக்கு அது ஒப்பவில்லை. நட்பு உண்மை. அதற்குரிய செலவைச் செய்யாதது யார்?

பாலைக்கோடு:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு: சான் பிரான்சிஸ்கோவை நிறுவியவர் ஆன்சா என்று எழுதலாமா? நியூ மெக்சிகோ ஆளுநர் பதவிக் காலத்தில் எதைச் சொல்லாமல் விடக்கூடாது?

தோலங்கி:
நிறுவியவர் என்று எழுதாதீர்கள். 1776 மார்ச் 28-இல் கோட்டைக்கான இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர். அப்போது கலிபோர்னியாப் படைத்தலைவராக இருந்த ரிவேராவோடு தகராறு முற்றி, தெற்கே திரும்பிவிட்டார். ஜூன் இறுதியில் மக்களை அங்கே கொண்டுபோனவர் மொராகா, கோட்டை முறையாகத் தொடங்கியது செப்டம்பர் 17-இல்.

நியூ மெக்சிகோவில், கொமாஞ்சிப் பழங்குடியினரோடு நடந்த 1779 போர். அதுவரை படைகள் மலைக்குக் கிழக்கே வெட்டவெளியில் போய், புழுதியால் காட்டிக்கொடுக்கப்பட்டுத் திரும்பின. ஆன்சா சுமார் 600 பேரோடு மேற்கே சான் லூயிஸ் பள்ளத்தாக்கு வழியே, இரவில் நடந்து, நெருப்பு மூட்டவிடாமல் போனார். வழியில் யூட், அப்பாச்சி வீரர்கள் சேர்ந்தார்கள். கொமாஞ்சித் தலைவர் குவேர்னோ வெர்தே தாவோஸ் ஊரைத் தாக்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய முகாமைப் பிடித்தார். பிறகு அவர் திரும்பும் வழியில் காத்திருந்து செப்டம்பர் 3-இல் அவரைக் கொன்றார்.

ஆனால் போரைவிட 1786 பெகோஸ் உடன்படிக்கைக்கு அதிக இடம் கொடுங்கள். கொமாஞ்சிகள் எல்லோருக்கும் பேசக்கூடிய ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும்வரை கையெழுத்து கிடையாது என்று நின்றார். எகுவேராகாபா தேர்வானார். சந்தையில் ஏமாற்று நடக்காமலிருக்கத் தரையில் இரண்டு கோடுகள் போட்டார்: இரு தரப்பும் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், பொருள் நடுவில் கைமாற வேண்டும். அந்தச் சமாதானம் தலைமுறைகளுக்கு நின்றது.

தூபாக்வாசி:
வரைபடம் போடுவீர்களானால் ஒரு எச்சரிக்கை. இன்றைய வரைபடத்தில் தடத்தை வரைந்தால் சால்டன் ஏரி குறுக்கே வரும். அந்த ஏரி 1905-இல் கொலராடோ வெள்ளம் வாய்க்காலை உடைத்துப் பாய்ந்ததில் உண்டானது. ஆன்சா காலத்தில் அங்கே வறண்ட பள்ளம்தான். லெகுவாவைக் கிலோமீட்டராக்க சுமார் 4.2-ஆல் பெருக்குங்கள், ஆனால் நாட்குறிப்பில் உள்ளவை சேணத்தில் உட்கார்ந்து போட்ட மதிப்பீடு. 1775 பயணத்தில் உடன்போன பாதிரியார் ஃபோன்ட் கருவி வைத்து எடுத்த அட்சரேகைகளோடு ஒப்பிட்டுத் திருத்துவது நல்லது. ஆன்சாவின் இறப்பு 1788 டிசம்பர் 19, சோனோராவின் அரிஸ்பேயில். தூசோன் கோட்டைத் தலைவராக நியமனம் ஆகியிருந்த சமயம்.